கணக்கு வரவில்லையா, ஆங்கிலம் வரவில்லையா?

(தொடக்கப் பிரிவு, மூன்றாம் வகுப்பு ஆசிரியை)

ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தாருங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, நேரத்தின் அருமை பற்றியோ நூலகத்தின் பயன் பற்றியோ எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் அரையாண்டுத் தேர்வின் கணக்குத் தாள்களைத் திருத்திக் கட்டி வைத்த நாள் முதல் ஒரு விஷயம் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதையே எழுதிவிடுகிறேன். தொடக்கப் பிரிவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோரும், நாளை ஆசிரியைகளாகப் போகும் மேல் வகுப்பு மாணவிகளும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

அந்தக் கட்டில் ஒரு தாள். கேள்வி ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு மரத்தில் 15 பறவைகள் இருந்தன, 6 பறந்துவிட்டன, "ஹவ் மெனி பேர்ட்ஸ் ஆர் லெஃப்ட்?" என்று முடியும். விடையளித்த சிறுமி அழகாக ஒரு மரம் வரைந்து, அதன் இடது பக்கத்தில் ஆறு பறவைகளை வரைந்து, கீழே 6 என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டேன். அதே போன்ற தவறுகள் அந்தத் தாளில் இன்னும் நான்கு. மதிப்பெண் அட்டையில் "கணக்கில் கவனம் தேவை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பெற்றோர் கூட்டத்துக்கு அவளுடைய தாயார் வந்தார். வீட்டில் தையல் வேலை செய்பவர். அட்டையை இரண்டு முறை படித்துவிட்டு, "டியூஷன் வைக்கட்டுமா டீச்சர்?" என்று கேட்டார். வைக்கலாம் என்று நானும் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்புக்கு மாதம் எவ்வளவு ரூபாய் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

பத்து நாள் கழித்து வகுப்பில் ஒருத்திக்குப் பிறந்தநாள். ஐம்பது சாக்லேட் கொண்டுவந்திருந்தாள். பங்கிட உதவியாக இந்தச் சிறுமியை அழைத்துக்கொண்டாள். இவள் பெட்டியைப் பார்த்தாள், வகுப்பைப் பார்த்தாள். "நாம நாப்பத்து மூணு பேரு, இன்னிக்கு ரெண்டு பேர் வரல, நாப்பத்தொண்ணு. மீதி ஒம்பது. டீச்சருங்களுக்கு எட்டு. ஒண்ணு ஆயாம்மாவுக்கு" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள். தாளும் இல்லை, பென்சிலும் இல்லை. நான் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இடைவேளையில் அவளுடைய விடைத்தாளைத் தேடி எடுத்து, "இந்தக் கணக்குக்கு ஏன் ஆறு போட்டாய்?" என்று கேட்டேன். "லெஃப்ட்ல எத்தனைன்னு கேட்டிருக்கு டீச்சர். நான் லெஃப்ட்லதானே வரைஞ்சேன்" என்று தன் இடது கையைத் தூக்கிக் காட்டினாள்.

உடற்பயிற்சி வகுப்பில் "லெஃப்ட், ரைட்" என்று நாம்தான் கற்பித்தோம். அதே சொல்லுக்கு "மீதி" என்றும் பொருள் உண்டு என்பதை யார் கற்பித்தோம்? அவளுக்குக் கழித்தல் தெரியும். அவள் தவறியது ஆங்கிலத்தில். மதிப்பெண் குறைந்ததோ கணக்கில்.

அன்று முதல் தாள்களை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். "சப்ட்ராக்ட் 3 ஃப்ரம் 7" என்ற கேள்விக்குப் பலர் 3-ஐ மேலே எழுதி 7-ஐக் கீழே எழுதியிருந்தார்கள். கவனக்குறைவு என்று இத்தனை ஆண்டுகளும் கடிந்துகொண்டிருக்கிறேன். ஆனால் இடமிருந்து வலமாக அந்த வாக்கியத்தைப் படியுங்கள். முதலில் வருவது 3, பிறகு வருவது 7. பிள்ளை வந்த வரிசையில் எழுதியிருக்கிறது. தமிழில் "ஏழிலிருந்து மூன்றைக் கழி" என்கிறோம். நம் வாக்கியத்தில் ஏழு முன்னால் நிற்கிறது, எழுதும்போதும் அதுவே முன்னால் வரவேண்டும்.

எண்களின் பெயர்களையே எடுத்துக்கொள்வோம். பதினொன்று, பதின்மூன்று, பதினைந்து என்று சொல்லும்போதே பத்தும் ஒன்றும், பத்தும் மூன்றும், பத்தும் ஐந்தும் காதில் விழுகின்றன. பத்து முதலில், ஒன்று பின்னால். எழுதும் வரிசையும் அதுவே. சீன மொழியிலும் இவ்வாறே பத்து-ஒன்று, பத்து-இரண்டு என்று எண்ணுகிறார்கள். ஆங்கிலத்தில் "இலெவன், ட்வெல்வ்" என்ற சொற்களில் பத்து இருப்பது எந்தக் குழந்தைக்கும் கேட்காது. "ஃபிஃப்டீன்" என்றால் ஐந்தின் ஒலி முன்னால் வருகிறது, பத்தின் ஒலி பின்னால் வருகிறது. சொல்வதைக் கேட்டு எண் எழுதும் பயிற்சியில் முதல் வகுப்புப் பிள்ளைகள் 15-க்கு 51 என்று எழுதுவதை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறோம். "தர்ட்டீன்", "தர்ட்டி" குழப்பத்தைக் கேட்கவே வேண்டாம்.

தமிழில் எல்லாமே நேராக இருக்கிறது என்று பெருமையடிக்க வரவில்லை. எண்பத்தொன்பதை அடுத்துத் தொண்ணூறு வருகிறது. "நூறு இன்னும் வரலையே டீச்சர், அதுக்குள்ள எப்படி நூறுன்னு சொல்றோம்?" என்று ஒரு வாண்டு என்னைக் கேட்டாள். ஒன்பதும் பத்தும் சேர்ந்து தொண்ணூறு ஆவதற்குத் தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் தனி விதி இருக்கிறது. அதை ஏழு வயதுப் பிள்ளையிடம் சொல்லி என்ன பயன்? "அது அப்படித்தான் கண்ணு" என்று சொல்லிச் சமாளித்தேன்.

கடிகாரம் பார்க்கும் பாடம் இன்னொரு சோதனை. "க்வார்ட்டர் டு ஃபைவ்" என்றால் எத்தனை மணி? வகுப்பில் பாதிப் பேர் 5.15 என்று எழுதினார்கள். ஐந்தும் காதில் விழுந்தது, காலும் விழுந்தது, சேர்த்து எழுதிவிட்டார்கள். ஆனால் வீட்டில் இதே பிள்ளைகள் "நாலே முக்காலுக்கு ஆட்டோ வந்திடும்" என்று சரியாகச் சொல்கிறார்கள். நாலே முக்கால் என்ற சொல் நான்கையும் முக்காலையும் கையில் கொடுக்கிறது. ஆங்கிலச் சொல் இன்னும் வராத ஐந்தைக் காட்டி, அதற்குக் கால் மணி குறைவு என்கிறது. பின்னப் பாடமும் இப்படியே. கடைக்குப் போய்க் கால் கிலோ தக்காளி வாங்கி வரும் பிள்ளைக்கு, "ஒன் ஃபோர்த்" என்பது கரும்பலகையில் மட்டுமே வாழும் ஏதோ ஒரு பிராணி. அதுவும் கால் கிலோவில் உள்ள காலும் ஒன்றே என்று எவரும் சொல்லித் தருவதில்லை. திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பதினாறில் ஒன்று வரைக்கும், அதற்குக் கீழே முந்திரி என்று 320-ல் ஒன்று வரைக்கும் சிறுவர்கள் எண்சுவடியில் மனப்பாடம் செய்தார்கள். முந்திரியை நாம் மீட்டுக் கொண்டுவர வேண்டியதில்லை. அரையையும் காலையுமாவது கைவிடாதிருக்கலாம்.

வாய்ப்பாடு பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். "டூ ஒன்ஸா டூ, டூ டூஸா ஃபோர்" என்று காலை வேளையில் எங்கள் வராந்தா முழுவதும் கேட்கும். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. இந்த "ஸா" என்பது என்ன என்று ஒருநாள் வகுப்பில் கேட்டேன். ஒருத்திக்கும் தெரியவில்லை. "அது டேபிள்ஸ்ல வரும் டீச்சர்" என்றார்கள். "டூஸ் ஆர்" என்பது ஓடிஓடித் தேய்ந்து "ஸா" ஆகிவிட்டது. இரண்டு இரண்டுகள் சேர்ந்தால் நான்கு என்ற செய்தியும் அதனுடன் தேய்ந்துவிட்டது. "ஈரிரண்டு நாலு, மூவிரண்டு ஆறு" என்று சொல்லும்போது மூன்று இரண்டுகள் என்பது பொருளோடு நிற்கிறது. மனப்பாடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பில் வாய்ப்பாடு தெரியாமல் தவிக்கும் மாணவிகளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

இனி ஆங்கிலப் பாடத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் நாலுகோட்டு நோட்டில் முத்துமுத்தாக எழுதுகிறார்கள். "மை ஸ்கூல்", "மை மதர்" என்று பத்து வரி ஒப்பிக்கிறார்கள். டிக்டேஷனில் பத்துக்குப் பத்து. பெற்றோருக்குப் பூரிப்பு, நமக்கும் பூரிப்பு. ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பாடத்தைக் கடகடவென்று வாசிக்கும் பிள்ளையை நிறுத்தி, நடுவில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேளுங்கள். வரியின் தொடக்கத்திலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்துதான் அந்தச் சொல்லைச் சொல்லும். அது வாசிப்பு அன்று, ஒப்பிப்பு. வாசித்த சொல்லுக்குப் பொருள் கேட்டால் அதுவும் இல்லை. 2005-ஆம் ஆண்டு முதல் கிராமப்புறங்களில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளின் படிப்பைச் சோதிக்கும் "அசர்" என்ற கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. அதில் ஆங்கிலத்தைச் சோதித்த ஆண்டுகளில், சொல்லை வாசித்த பிள்ளையிடம் அதன் பொருளையும் தன் மொழியில் சொல்லச் சொன்னார்கள். அந்த இரண்டாவது கேள்வியை நம் தேர்வுகள் கேட்பதே இல்லை. பாடநூலில் உள்ள வினாவுக்குப் பாடநூலில் உள்ள விடை. ஆகவே ஆங்கிலத் தாளில் இந்தக் குறை தெரிவதில்லை. முன்பின் பார்த்திராத வாக்கியம் வருகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது கணக்குத் தாளில் உள்ள வாக்கியக் கணக்கு, பிள்ளைகள் மொழியில் "ஸ்டேட்மென்ட் சம்". ஆங்கிலத்தின் குறை அங்கே போய் வெளிப்பட்டு, கணக்கின் குறையாகப் பதிவாகிறது.

ஆஸ்திரேலியாவில் ஆன் நியூமன் என்ற கல்வியாளர் 1977-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழி சொன்னார். தவறாகக் கணக்குச் செய்த பிள்ளையைத் தனியே அழைத்து ஐந்து விஷயங்கள் கேட்க வேண்டும். கேள்வியை வாசித்துக் காட்டு. என்ன கேட்கிறது, சொல். எப்படிச் செய்யப் போகிறாய்? செய்து காட்டு. விடையை எழுது. எந்த இடத்தில் பிள்ளை தடுக்கி விழுகிறது என்று பார்த்தால் நோய் எங்கே என்பது தெரிந்துவிடும். கூட்டலும் கழித்தலும் நான்காவது கேள்வியில்தான் வருகின்றன என்பதைக் கவனியுங்கள். முதல் மூன்றிலேயே விழுந்துவிடுகிற பிள்ளைக்கு, இன்னும் ஐம்பது கழித்தல் கணக்கு வீட்டுப்பாடமாகக் கொடுப்பது வயிற்று வலிக்குத் தலையில் தைலம் தடவுவது போன்றதாகும்.

அரையாண்டில் குறைந்த மதிப்பெண் பெற்ற பதினோரு பேரை, நாளுக்கு இருவராக, மதிய இடைவேளையில் அழைத்து இந்த ஐந்தையும் கேட்டேன். இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்குத் தமிழிலேயே பதில் சொல்ல விட்டேன். ஏழு பேர் இரண்டாவதிலேயே நின்றுவிட்டார்கள். அந்த ஏழு பேருக்கும் கேள்வியைத் தமிழில் சொன்னவுடன் ஐந்து பேர் சரியாகச் செய்தார்கள். மற்றவர்களுக்கு உண்மையிலேயே கணக்கில்தான் தடுமாற்றம். "ராணியிடம் 14 பென்சில் இருக்கிறது. அது தேவியிடம் இருப்பதைவிட 6 அதிகம். தேவியிடம் எத்தனை?" என்று தமிழில் கேட்டாலும் அவர்கள் 20 என்றார்கள். இதில் எங்கள் குற்றமும் உண்டு. "மோர்" என்று வந்தால் கூட்டு, "லெஃப்ட்" என்று வந்தால் கழி என்று குறுக்குவழி சொல்லிக் கொடுத்தது நாங்கள்தானே! எப்படியும், யாருக்கு எந்த மருந்து என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. பதினோரு பேருக்கும் ஒரே வரியை அட்டையில் எழுதியவள் நான்.

இதைப் பள்ளிகள் அறவே உணரவில்லை என்று சொல்வதற்கில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் மூடிய தொடக்க வகுப்புகள் தமிழகத்தில் 2021 நவம்பர் 1-ஆம் நாள்தான் திறந்தன. அன்று என் வகுப்பில் நுழைந்த பிள்ளைகள் இரண்டாம் வகுப்பு முழுவதையும் செல்போனில் படித்தவர்கள். வயதுக்கு மூன்றாம் வகுப்பு, எழுத்துக்கு முதல் வகுப்பு. அந்த இடைவெளியை நிரப்ப 2022 ஜூனில் தமிழக அரசு "எண்ணும் எழுத்தும்" திட்டத்தைத் தொடங்கியது. தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிப்பது அதன் முறை. ஆங்கிலத்தில் அரும்பாக இருக்கும் பிள்ளை கணக்கில் மலராக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டதே பெரிய காரியம். ஆனால் ஆங்கிலவழி வகுப்பில் அந்த மலர், அரும்பின் வழியாகத்தானே வெளியே வரவேண்டியிருக்கிறது!

அப்படியானால் ஆங்கிலவழியே வேண்டாமா என்று கேட்பீர்கள். இயன்றவரை ஐந்தாம் வகுப்பு வரையாவது தாய்மொழியில் கற்பிக்கவேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையிலும் எழுதியிருக்கிறார்கள். அக்கொள்கையின் மற்றப் பகுதிகளைப் பற்றி நாட்டில் பெரிய வாதம் நடக்கிறது, அது இங்கு வேண்டாம். அரசுப் பள்ளிகளிலேயே 2012-13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாகத் திறக்கப்பட்டன. பெற்றோர் கேட்டார்கள், திறந்தார்கள். அந்தப் பெற்றோரை ஆங்கில மோகம் பிடித்தவர்கள் என்று ஏசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஓர் அலுவலகத்தில் ஆங்கிலப் படிவத்தைப் பிடித்துக்கொண்டு யாரையாவது தேடி நின்றவர்களுக்குத்தான் அந்தத் தவிப்பு தெரியும். தன் மகள் அப்படி நிற்கக்கூடாது என்று ஒரு தாய் நினைப்பது தவறா?

நானும் மேல்நிலை வரை தமிழ்வழியில் படித்து, கல்லூரியில் கணிதம் எடுத்தவள். முதல் பருவத்தில் பேராசிரியை பேசியது பாதி புரியாமல் விடுதியில் அழுதிருக்கிறேன். ஆறு மாதம் ஆயிற்று. அகராதியும் தோழிகளும் துணை நின்றார்கள், பிறகு பழகிவிட்டது. கணக்கு தெரிந்து ஆங்கிலம் தெரியாத எனக்கு ஆறு மாதம் போதுமாயிருந்தது. எட்டு வயதிலேயே தனக்குக் கணக்கு வராது என்று நம்பிவிடுகிற பெண்ணுக்கு எத்தனை மாதம் வேண்டும்? அவள் ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ராவைக் கண்டு நடுங்குவாள், பதினோராம் வகுப்பில் கணக்கு இல்லாத பிரிவைத் தேடுவாள். பெண்களுக்குக் கணக்கு வராது என்று சொல்லக் காத்திருப்பவர்களுக்கு அவளும் ஓர் உதாரணமாகிவிடுவாள்.

ஆகவே ஆங்கிலவழி இருக்கட்டும். கணக்கு வகுப்பில் தமிழுக்கும் கதவைத் திறந்து வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் வகுப்பில் தமிழில் பேசினால் ஒரு ரூபாய் அபராதம். அங்கே கணக்கு வகுப்பு மிக அமைதியாக இருக்கும். புரியாத பிள்ளைக்குக் கேட்கத் தெரிந்த மொழி ஒன்றுதான், அதற்குத்தான் அபராதம். அமைதியைக் கண்டு பார்வையிட வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

இன்னொன்று. "லெஃப்ட், ஈச், ஆல்டுகெதர், மோர் தன், ஷேர், டிஃபரன்ஸ்" போன்ற ஒரு நாற்பது சொற்களில்தான் தொடக்க வகுப்பின் வாக்கியக் கணக்குகள் எல்லாம் அடங்குகின்றன. அவற்றை ஆங்கில வகுப்பில், சாக்லேட்டையும் புளியங்கொட்டையையும் வைத்துப் பேசிப் பழக்கலாம். தொடக்கப் பிரிவில் ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் பெரும்பாலும் ஒரே ஆசிரியைதான். ஆகையால் பழியைப் பக்கத்து வகுப்பின் மேல் போடவும் எங்களுக்கு வழியில்லை. நாற்பத்து மூன்று பிள்ளைகளிடமும் ஐந்து கேள்வி கேட்க நேரம் எங்கே என்று சக ஆசிரியைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். என்னாலும் எல்லாரிடமும் முடியவில்லை. தேர்வுக்குப் பின் தவறியவர்களிடம் மட்டும் கேட்கிறேன், அதற்கே என் சாப்பாட்டு நேரம் போய்விடுகிறது.

அந்தத் தாயாரை ஜனவரியில் மீண்டும் வரச் சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். டியூஷனுக்கு மாதம் நானூறு ரூபாய் கொடுப்பதாகச் சொன்னார். அங்கேயும் இதே கணக்கை ஆங்கிலத்திலேயே பத்து முறை எழுத வைக்கிறார்களாம். "வீட்டில் தினமும் ஒரு கணக்கை அவள் வாசித்து, அது என்ன கேட்கிறது என்று உங்களுக்குச் சொல்லட்டும்" என்றேன். "எனக்கு இங்கிலீஷ் தெரியாதே டீச்சர்" என்று தயங்கினார். "தெரியாமலிருப்பதுதான் நல்லது. உங்களுக்குப் புரியும்படி அவள் தமிழில் சொல்லியாக வேண்டும்" என்றேன். அவர் சிரித்தார். டியூஷனை மட்டும் நிறுத்தவில்லை. முழு ஆண்டுத் தேர்வு முடியட்டும் என்கிறார், அந்தப் பயத்தை உண்டாக்கியவள் நான்தான்.

இம்மாத மதிப்பெண் அட்டையில் பழைய வரியை எழுதவில்லை. "ஆங்கிலத்தில் கேட்கும் கேள்வியைப் புரிந்துகொள்ளப் பயிற்சி தேவை, கணக்கு நன்றாக வருகிறது" என்று எழுதினேன். அட்டையில் அதற்கென்று கட்டம் எதுவும் இல்லை. கணக்கு என்று அச்சிட்ட கட்டத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில்தான் எழுத வேண்டியிருந்தது.